செக்கப்பில் 'பிரச்சினை இருக்கலாம்' என்று சொல்லிவிட்டால்

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களுக்குச் செக்கப் என்பது பழகிப்போன காரியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ போவார்கள், நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், 'எல்லாம் நல்லா இருக்கு' என்று அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் மட்டும் டெக்னீஷியன் திரையைச் சற்று அதிக நேரம் பார்ப்பார். அதே சோதனையை இன்னொரு தடவை செய்வார். "லீட் ரீடிங் கொஞ்சம் மாறியிருக்கு. டாக்டரைப் பார்த்துட்டுப் போயிடுங்க" என்பார். அந்த நேரத்தில் நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் வேறு எதுவும் காதில் விழாது. அந்தக் கட்டத்தில் என்ன கேட்பது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது, அடுத்து என்னென்ன வரும் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு ஆறுதல். செக்கப்பில் தெரியவந்த கோளாறு பெரும்பாலும் நேரத்தோடு தெரியவந்த கோளாறு. மயங்கி விழுந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, நீங்கள் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல். அதே சமயம், 'ஒண்ணும் செய்யலையே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதும் கூடாது. எவ்வளவு பயப்பட வேண்டும், எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்பதை இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் முடிவு செய்கிறது.

ஒன்று: என் இதயம் இந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது?

இரண்டு: சரிசெய்ய எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

டாக்டர் வேறு எதைச் சொன்னாலும் இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் வராதீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எப்படிக் கிடைக்கிறது

சிலருக்கு பேஸ்மேக்கர் எப்போதாவது கைகொடுக்கும் துணை. இதயம் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். வேகம் குறையும்போது மட்டும் கருவி வேலை செய்யும். இன்னும் சிலருக்கு, குறிப்பாக முழு ஹார்ட் பிளாக் உள்ளவர்களில் பலருக்கு, கருவி நின்றால் இதயத்தின் சொந்தத் துடிப்பு மிக மெதுவாகத்தான் வரும், அல்லது சில வினாடிகளுக்கு வராமலே போகும். இவர்களைத்தான் கருவியை முழுக்க நம்பியிருப்பவர்கள் என்கிறோம். ஒரே கோளாறு முதல் வகையினருக்குச் சில வாரம் பொறுக்கக்கூடியதாகவும், இரண்டாம் வகையினருக்கு அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டியதாகவும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க, டெக்னீஷியன் கருவியின் வேகத்தை மெல்லக் குறைத்து, உங்கள் சொந்தத் துடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார். அப்போது சில வினாடி தலை லேசாகச் சுற்றலாம். சுற்றினால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவும் அவருக்குத் தேவையான தகவல்தான். ரிப்போர்ட்டில் '95 சதவீதம் பேஸிங்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். வேகத்தைச் சற்று உயர்த்தி வைத்திருந்தாலும் அந்த எண் கூடும். சொந்தத் துடிப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோளாறு எந்த இடத்தில் இருக்கலாம்

பேஸ்மேக்கருக்கு இரண்டு பாகங்கள். தோளெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும் சிறு பெட்டி ஒன்று. பேட்டரியும் மின்சுற்றும் அதற்குள் இருக்கின்றன. அங்கிருந்து இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் ஒயர் இன்னொன்று. அதைத்தான் லீட் என்கிறார்கள். 'பிரச்சினை இருக்கலாம்' என்றால் அது அநேகமாகக் கீழே உள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

பேட்டரி குறைவது. இதைக் கோளாறு என்றே சொல்லக்கூடாது, எதிர்பார்த்த ஒன்றுதான். பேட்டரி திடீரென்று ஒருநாள் தீர்ந்துபோவதில்லை. மாற்ற வேண்டிய கட்டம் நெருங்கியதும் கருவியே குறிப்புக் காட்டும். அந்தக் குறிப்பு வந்த பிறகும் பொதுவாகச் சுமார் 3 மாத அவகாசம் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் சில கருவிகள் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த, நடைக்கேற்ப வேகம் கூட்டும் வசதியை நிறுத்திவிடும். இரண்டு அறைகளைத் தூண்டிய கருவி ஒரே அறையை மட்டும் தூண்டத் தொடங்கும். மாடி ஏறும்போது முன்பில்லாத களைப்பும் மூச்சிரைப்பும் வருவதற்கு வயது காரணமில்லை, இதுவே காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் சொல்லிவிடுங்கள். மாற்றும் தேதியை முன்னதாக வைப்பார்கள்.

லீட் பழுது. நம் இதயம் நிமிடத்துக்கு 72 முறை என்று கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் லீட் சற்றே வளைந்து நிமிர்கிறது. தோளெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே அது நசுங்கவும் வாய்ப்புண்டு. லீட் வழியாக மின்சாரம் போவதற்கு இருக்கும் தடையை ஓம் கணக்கில் அளப்பார்கள். பல லீடுகளில் இது சுமார் 300 முதல் 1,500 வரை இருக்கும். திடீரென்று மிக அதிகமானால் உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கலாம், அல்லது பெட்டியோடு சேரும் இடத்தில் திருகு தளர்ந்திருக்கலாம். மிகவும் குறைந்தால் மேலுறை கிழிந்து மின்சாரம் கசிகிறது என்று சந்தேகிப்பார்கள். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு செய்வதில்லை; பழைய ரீடிங்குகள் எப்படி இருந்தன என்பதுதான் முக்கியம். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடக்கூடாது என்கிறோம்.

தூண்டுவதற்குத் தேவையான மின்அளவு கூடுவது. இதயத்தைத் துடிக்கவைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் வேண்டும் என்று ஒவ்வொரு செக்கப்பிலும் பார்ப்பார்கள். லீடின் நுனி இருந்த இடத்திலிருந்து நகர்ந்தால் இந்த அளவு கூடும். பொருத்திய முதல் சில வாரங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. நுனியைச் சுற்றித் தழும்பு வளர்ந்தாலும், இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மாறினாலும், சில இதயத்துடிப்பு மாத்திரைகளாலும்கூட கூடலாம். ஆகவே புதிதாகச் சேர்த்த மாத்திரை, வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல சமயம் கருவியின் வோல்ட்டைக் கூட்டி வைப்பதிலேயே விஷயம் முடிந்துவிடும். பேட்டரி மட்டும் சற்று சீக்கிரம் தீரும்.

பெட்டி இருக்கும் இடத்தில் தொற்று. தோல் சிவப்பது, வீங்குவது, சுடுவது, நீர் கசிவது, பெட்டியின் விளிம்பு தெரியும் அளவுக்குத் தோல் மெலிவது ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. 'கட்டிதான், ஊசி போட்டு எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஊசி குத்துவதே தொற்றை உள்ளே கொண்டுபோகலாம். பேஸ்மேக்கர் பொருத்திய இதயநோய்ப் பிரிவுதான் இதைப் பார்க்க வேண்டும். தொற்று உறுதியானால் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. பெட்டியையும் லீடையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கை. குறிப்பிட்ட மாடலில் குறை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே அறிவிப்பதுண்டு. இதை ரீகால் என்பார்கள். ரீகால் என்றதும் நெஞ்சைத் திறந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்துவிட வேண்டாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. காரணம் மென்பொருள் பாதுகாப்பு. யாருக்கும் கருவியைக் கழற்றச் சொல்லவில்லை. மருத்துவமனையில் சில நிமிடங்களில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். உங்கள் கருவியின் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் பேஸ்மேக்கர் கார்டில் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, 'இது அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எனக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள்' என்று கேளுங்கள்.

சிறு விஷயத்தையும் சொல்லுங்கள்

சில லீட் பழுதுகள் அசையாமல் படுத்திருக்கும்போது பிடிபடாது. ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். மாடியில் உயரமான கொடியில் துணி காயப்போடும்போது மட்டும் ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. வெயில் என்று நினைத்து விட்டுவிடுகிறார். செக்கப்பில் பேச்சோடு பேச்சாக மகள் அதைச் சொல்ல, டெக்னீஷியன், "அம்மா, அந்தக் கையை மேலே தூக்குங்க... அப்படியே முன்னாடி நீட்டுங்க" என்கிறார். திரையில் அதுவரை ஒழுங்காக ஓடிய கோட்டில் சட்டென்று கிறுக்கல்கள். விட்டுப்போன கம்பியின் முனைகள் உரசுவதால் எழும் அந்தக் கிறுக்கலை, இதயமே துடிப்பதாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. துடிப்புதான் இருக்கிறதே என்று தூண்டாமல் நின்றுவிடுகிறது. அந்த இரண்டு மூன்று வினாடிதான் தலைசுற்றல்.

ஆகவே 'இதையெல்லாம் போய்ச் சொல்வதா' என்று தயங்க வேண்டாம். எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எத்தனை வினாடி இருந்தது என்று குறித்துக்கொண்டு போங்கள். நிற்காத விக்கல், வயிற்றுக்கு மேலே அல்லது மார்புச் சதையில் துடிதுடிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். லீட் நகர்ந்து பக்கத்துத் தசையைத் தூண்டுவதால் அப்படி வரலாம்.

அறையை விட்டு வெளியே வருமுன்

பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

1. கோளாறு உறுதியாகிவிட்டதா, சந்தேகம்தானா?
2. பேட்டரியா, லீடா, செட்டிங்கா?
3. எனக்குச் சொந்தத் துடிப்பு இருக்கிறதா? எவ்வளவு வேகத்தில்?
4. இன்று செட்டிங் ஏதாவது மாற்றினீர்களா? இப்போது குறைந்தபட்ச வேகம் எவ்வளவு?
5. வீட்டுக்குப் போகலாமா, இங்கேயே இருக்க வேண்டுமா?
6. வண்டி ஓட்டலாமா? கையைத் தூக்கி வேலை செய்யலாமா?
7. அடுத்து எந்தத் தேதியில், யாரிடம் வர வேண்டும்?
8. ராத்திரியில் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

இன்றைய ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் பல மருத்துவமனைகளில் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் டெக்னீஷியன்தான் சோதனைக் கருவியோடு குறிப்பிட்ட நாளில் வருகிறார். ஒரு நிறுவனத்தின் பேஸ்மேக்கரை இன்னொரு நிறுவனத்தின் கருவியால் படிக்க முடியாது. அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், உங்கள் கார்டும் இந்தப் பிரதியும் அங்கிருக்கும் டாக்டருக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து என்ன சோதனைகள்

ஈ.சி.ஜி. எடுப்பார்கள். மார்பு எக்ஸ்-ரே எடுத்து, பொருத்திய சமயத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு லீட் நகர்ந்திருக்கிறதா, எங்காவது முறிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு எக்கோவும், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டரும் தேவைப்படும். பொட்டாசியம் உள்ளிட்ட இரத்தச் சோதனையும் இருக்கும். எக்ஸ்-ரேயில் பெட்டி புரண்டு லீட் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிவதும் உண்டு. பெட்டியைத் தோலுக்கு மேலாகத் தொட்டுத் திருப்பும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். பெரியவர்கள் பலர் தங்களை அறியாமலே செய்கிறார்கள்; வீட்டில் உள்ளவர்கள் கவனித்துச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில்

டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார் என்றால் வீட்டில் இருப்பது பாதுகாப்பானது என்று கணித்துத்தான் அனுப்பியிருப்பார். அதை நம்புங்கள். கூடவே சில ஒழுங்குகளைக் கடைப்பிடியுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு நாடி பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, முழுசாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது இதற்குச் சரிப்படாது. டாக்டர் சொன்ன குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே மீண்டும் மீண்டும் வந்தால் போன் செய்யுங்கள். ஒரு தடவை குறைந்ததற்காகப் பதற வேண்டாம். இடையிடையே வரும் பலவீனமான துடிப்பு விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் பி.பி. மிஷினும்கூட அவற்றைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டும். தூங்கும் நேரத்தில் வேகம் குறையும்படி சில கருவிகளில் செட்டிங் வைத்திருப்பார்கள்.

லீட் மேல் சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கக் கையால் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். பரணில் ஏறிப் பாத்திரம் எடுக்க வேண்டாம். அதற்காகக் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்காதீர்கள், தோள்மூட்டு இறுகிவிடும். சாதாரண அசைவு இருக்கட்டும்.

டாக்டர் சொல்லும்வரை ஸ்கூட்டரோ காரோ ஓட்ட வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள். ஏணி, கிணற்றடி, குளம், கடல் பக்கம் தனியாகப் போகாதீர்கள். திருப்பதிக்கோ சபரிமலைக்கோ பயணம் போட்டிருந்தால் தள்ளிவையுங்கள்.

வழக்கமான பாதுகாப்பு விதிகள் இப்போதும் அப்படியே: செல்போனைச் சட்டையின் மேல்பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். காந்த மெத்தை, காந்த சிகிச்சைப் பட்டை எதுவும் வேண்டாம். பிசியோதெரபிக்குப் போனால் பேஸ்மேக்கர் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். 'ஆபரேஷன் வரப்போகுதே' என்று இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். எதை எப்போது நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது டாக்டரின் முடிவு.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்

மயக்கம் போட்டு விழுவது, அல்லது விழப்போவது போலத் திரும்பத் திரும்ப வருவது; நெஞ்சுவலி; உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல்; நாடி மிகவும் குறைந்து கூடவே தலைசுற்றல். இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். நோயாளியைத் தனியாக ஆட்டோவில் அனுப்பாதீர்கள். போன் எடுத்தவுடன் 'பேஸ்மேக்கர் வைத்தவர்' என்று சொல்லுங்கள். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, பெட்டி இருக்கும் இடம் சிவந்து கசிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். தொற்று எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதற்கு அது தடையாகிவிடும்.

சரிசெய்யும் வழிகள்

செட்டிங் மாற்றம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும், கத்தி கிடையாது.

பெட்டி மாற்றம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பழைய தழும்பின் வழியாகவே திறந்து, பழைய பெட்டியை எடுத்துப் புதியதை வைப்பார்கள். பழைய லீடுகளைச் சோதித்து, நன்றாக இருந்தால் அவற்றையே இணைப்பார்கள். முதல் ஆபரேஷனைவிட இது சுலபம் என்றாலும் தொற்று விஷயத்தில் மெத்தனம் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காய்ச்சலோ உடம்பில் எங்காவது புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

லீட் மாற்றம் சற்றுப் பெரிய வேலை. பல சமயம் பழையதை மூடி அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைச் செலுத்துவார்கள். பழையதை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது பல வருடத்தில் இரத்தக்குழாயோடும் இதயத்தோடும் ஒட்டி வளர்ந்திருக்கும் என்பதால், அதில் அனுபவமுள்ள, இதய அறுவைசிகிச்சைக் குழு தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். 'இங்கே இதை அடிக்கடி செய்கிறீர்களா?' என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. நேரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் இதுவே சரியான சமயம்.

செலவைப் பற்றி முதல் நாளே பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் பெட்டி மாற்றத்துக்கு என்ன, லீடுக்கு என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். தனியார் மெடிக்ளெய்ம் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும். கருவி எதிர்பார்த்ததைவிட முன்பே பழுதானால் வாரன்டி உண்டா என்று விசாரியுங்கள். எடுத்த கருவியைத் தயாரிப்பாளரின் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லலாம். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய இந்தியாவில் 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் நடக்கிறது. உங்கள் கருவியின் பழுது அதில் பதிவானால், அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது உதவும்.

மனசுக்கும் வீட்டாருக்கும்

முழுமையாக உடலுக்குள் வைக்கும் முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்குப் பொருத்தினார்கள். அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அதோடு அவர் கதை முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001-இல் 86-ஆவது வயதில், இதயத்துக்குச் சம்பந்தமில்லாத நோயால் காலமானார். கருவி பழுதாகும், மாற்றிக்கொண்டே வாழலாம் என்பது இந்த சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம்.

ஆனாலும் ராத்திரியில் பயம் வரும். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு. நாளைக்குப் பத்து தடவை நாடி பார்ப்பது பயத்தைக் கூட்டும்; ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள், 'ஒண்ணும் ஆகாதுப்பா' என்று பேச்சை மாற்றுவதைவிட, 'டாக்டர் என்ன சொன்னாரு, எழுதி வச்சதைப் படிங்க' என்று கூட உட்கார்ந்து கேட்பது நல்லது. தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே செய்து முடிக்க வேண்டியவை மூன்று. பேஸ்மேக்கர் கார்டின் இருபக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனில் வையுங்கள். பழைய ரிப்போர்ட், எக்ஸ்-ரே, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே ஃபைலில் போடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 'அப்புறம் சொல்றோம்' என்று அனுப்பியிருந்தால், நாளைக் காலையிலேயே போன் செய்து ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள். நேரத்தோடு தெரியவந்த கோளாறை நேரத்தோடு சரிசெய்துகொள்ள முதல் படி அந்தத் தேதிதான்.